செத்துப்போனதாக நினைத்த 302 செடிகள்

சென்ற ஏப்ரல் மாதம் ஒரு செடியை ஏறக்குறைய கொன்றேவிட்டேன். கெட்ட எண்ணத்தில் அல்ல, நல்லது செய்வதாக நினைத்துத்தான்.

என் அறைத்தோழன் படிப்பை முடித்துவிட்டு ஊருக்குக் கிளம்பும்போது அவனுடைய பீஸ் லில்லி செடியை என்னிடம் விட்டுச் சென்றான். "அடுத்த தடவை வர்றப்போ வாங்கிக்கிறேன்டா, பத்திரமாப் பாத்துக்கோ" என்றான். முதலாம் ஆண்டில் அவன் அக்கா கல்யாணமாகிப் போகும்போது கொடுத்தது. மூன்று வருடமாக எங்கள் அறை ஜன்னலோரம் இருந்த செடி.

அந்தத் தொட்டி எனக்குச் சின்னதாகத் தெரிந்தது. அடித்துளை வழியாக வேர் எட்டிப் பார்த்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பெரிய பிளாஸ்டிக் வாளி ஒன்றை வாங்கி வந்தேன். செடியை உருவி எடுத்து, பழைய மண்ணையெல்லாம் உதறி, குழாயடியில் வேரைக் கழுவி, புது மண்ணில் நட்டேன். ஊட்டமாக இருக்கட்டுமே என்று ஒரு கைப்பிடி யூரியா போட்டேன். வெளிச்சம் கிடைக்கட்டுமே என்று மொட்டை மாடியில் வைத்தேன். மறுநாள் காலையில் எல்லா இலைகளும் சுருண்டு கீழே தொங்கின. தண்ணீர் ஊற்றினேன். சாயங்காலம் இன்னும் தொங்கியது. இன்னும் ஊற்றினேன். நான்காம் நாள் இலை மஞ்சளாகி, மண்ணிலிருந்து ஒரு புளித்த வாடை வந்தது.

ஐந்தாம் நாள் அதைக் குப்பையில் போடத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். விடுதித் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் வழியில் நிறுத்தினார். செடியைப் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"தம்பி, நடவு நட்ட அன்னைக்கு நாத்து நிமிர்ந்தா நிக்கும்? தலை சாஞ்சுதான் கெடக்கும். பச்ச புடிக்கப் பத்து நாளாவது ஆகும். அதுக்குள்ள செத்துப்போச்சுன்னு அள்ளிப் போட்டா, வயல்ல என்ன மிஞ்சும்?"

அன்று அந்தச் செடியைக் காப்பாற்றியது அவர்தான். அதன்பிறகு நூலகத்தில் உட்கார்ந்து இதைப் பற்றித் தேட ஆரம்பித்தேன். தொட்டி மாற்றிய செடி ஏன் வாடுகிறது, அதை எப்படிப் பிழைக்க வைப்பது என்ற கேள்விக்குப் பின்னால் இவ்வளவு பெரிய வரலாறு இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. மகாராணிகளும், கப்பல் தலைவர்களும், ஒரு பாதிரியாரும், ஒரு லண்டன் டாக்டரும், நம்ம ஊட்டியும் அதில் வருகிறார்கள். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பூந்தொட்டியை எடை போட்ட பாதிரியார்

முதலில் செடி ஏன் வாடுகிறது என்று பார்த்துவிடுவோம்.

இங்கிலாந்தில் லண்டனுக்குப் பக்கத்தில் டெடிங்டன் என்ற ஊர். அங்கே ஸ்டீபன் ஹேல்ஸ் என்று ஒரு பாதிரியார் இருந்தார். ஞாயிறன்று பிரசங்கம், மற்ற நாட்களில் பரிசோதனை. 1724ஆம் ஆண்டு ஜூலை மாதம் அவர் மூன்றரை அடி உயரச் சூரியகாந்திச் செடி ஒன்றைத் தொட்டியோடு எடுத்துக்கொண்டார். மண்ணிலிருந்து நீர் ஆவியாகிப் போகாதபடி தொட்டியின் வாயை மெல்லிய ஈயத் தகட்டால் மூடினார். தண்ணீர் ஊற்ற ஒரு சிறு வழி மட்டும் விட்டார். பிறகு பல நாட்கள், காலையும் மாலையும், தொட்டியைத் தராசில் வைத்து எடை பார்த்தார். எடை குறைந்தால் அந்த நீர் இலை வழியாகத்தான் போயிருக்க வேண்டும். அவ்வளவு எளிமையான சோதனை!

ஒரு பகலின் 12 மணி நேரத்தில் அந்த ஒரே செடி சராசரியாக 1 பவுண்டு 4 அவுன்ஸ் நீரை வெளியேற்றியது. நம் கணக்கில் அரை லிட்டருக்கும் மேல். இதையெல்லாம் அவர் 1727இல் 'வெஜிடபிள் ஸ்டாட்டிக்ஸ்' என்ற நூலாக வெளியிட்டார். பள்ளியில் நாம் 'நீராவிப்போக்கு' என்று இரண்டு மதிப்பெண் கேள்விக்கு மனப்பாடம் செய்தோமே, அதை முதன்முதலில் ஒழுங்காக அளந்து காட்டியவர் இவர்தான்.

ஆக, இலை வழியாக நீர் போய்க்கொண்டே இருக்கிறது. அதே அளவு நீரை வேர் கீழிருந்து அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். வரவும் செலவும் சமமாக இருக்கும்வரை செடி நிமிர்ந்து நிற்கும். வரவு குறைந்தால் தலை தொங்கும்.

இப்போது வேர்ப் பக்கம் வருவோம். நம் கண்ணுக்குத் தெரியும் தடித்த வேர்கள் பெரும்பாலும் குழாய் வேலைதான் செய்கின்றன. நீரை உறிஞ்சும் வேலையில் பெரும்பங்கு வேர் நுனிக்குச் சற்றுப் பின்னால் இருக்கும் வேர்த்தூவிகளுடையது. ஒவ்வொன்றும் ஒரே ஒரு செல்லின் நீட்சி. 1937இல் அமெரிக்காவின் அயோவாவில் ஹோவர்ட் டிட்மர் என்ற தாவரவியலாளர் நான்கு மாத வயதுள்ள ஒரே ஒரு ரை தானியச் செடியின் (நம் கம்பு அல்ல) வேர்களைக் கணக்கிட்டார். அதில் இருந்த வேர்த்தூவிகள் சுமார் 1,400 கோடி! அந்த வேர்கள் இருந்த மண்ணின் அளவோ ஒரு பெரிய பெட்டிக்குள் அடங்கிவிடும்.

இந்தத் தூவிகள் மண் துகளோடு துகளாக ஒட்டிக்கொண்டிருக்கும். மண்ணை உதறினால் அவையும் அறுந்து போகும். நான் உதறியதோடு நிற்கவில்லை, குழாயில் வேறு கழுவினேன். அதாவது செடியின் வருமானத்தை ஒரே மதியத்தில் நிறுத்திவிட்டு, மொட்டை மாடி வெயிலில் வைத்துச் செலவை இரண்டு மடங்காக்கினேன்.

மகாராணியின் கூடைகள்

மண்ணை உதறக்கூடாது என்பது ஏதோ நவீன விஞ்ஞானம் என்று நினைக்காதீர்கள். எகிப்தில் ஏறத்தாழ 3,500 ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்த விஷயம் அது.

ஹட்ஷெப்சுட் என்ற பெண் பாரோ எகிப்தை ஆண்டார். அவர் பூண்ட் என்ற தேசத்துக்குக் கப்பல்களை அனுப்பினார். அங்கிருந்து தந்தம், பொன் ஆகியவற்றோடு உயிருள்ள நறுமணப் பிசின் மரங்களும் வந்தன. மொத்தம் 31 மரங்கள். டெய்ர் எல் பஹ்ரி என்ற இடத்தில் உள்ள அவருடைய கோவில் சுவரில் இந்தப் பயணம் முழுவதும் சிற்பமாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. அதில் மரங்களை எப்படித் தூக்கி வருகிறார்கள் என்று பாருங்கள். வேரை மண்ணோடு கூடைக்குள் வைத்து, அந்தக் கூடையைக் கம்பில் கட்டி, ஆட்கள் தோளில் சுமக்கிறார்கள்.

நம்ம ஊர் நர்சரியில் பாலித்தீன் பையைக் கிழித்துக் கொடுக்கும்போது "மண்ணுருண்டை உடையாம வைங்க" என்று சொல்வார்களே, அதே வித்தைதான். படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

பவுண்டி கப்பலும் 302 செடிகளும்

இந்தக் கட்டுரைக்குத் தலைப்பு வைத்த கதை இனிமேல்தான் வருகிறது.

'பவுண்டி' கப்பல் கலகம் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஹாலிவுட்டில் பலமுறை படமாக எடுத்தார்கள். ஆனால் அந்தக் கப்பல் எதற்காகப் போனது என்பது பலருக்கு நினைவிருக்காது. செடி எடுத்து வரத்தான் போனது!

மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் ஆப்பிரிக்க அடிமைகளை வைத்து வேலை வாங்கிக்கொண்டிருந்தார்கள் ஆங்கிலேய முதலாளிகள். அவர்களுக்கு மலிவாகச் சோறு போட ஒரு வழி வேண்டும். பசிபிக் கடலின் தாஹிதி தீவில் ஈரப்பலா (ரொட்டிப்பழம்) காய்க்கிறது, அதைக் கொண்டுபோய் நட்டால் போதும் என்று திட்டம் போட்டார்கள். நோக்கம் இப்படி அசிங்கமானதுதான், அதை மறைத்துவிட்டு இந்தக் கதையைச் சொல்லக் கூடாது.

1787 டிசம்பரில் வில்லியம் பிளை தலைமையில் கப்பல் கிளம்பியது. டேவிட் நெல்சன், வில்லியம் பிரவுன் என்று இரண்டு தோட்டக்காரர்கள் உடன் போனார்கள். கப்பலின் பெரிய அறையைத் தலைவனுக்குக் கொடுக்காமல் செடிகளுக்குக் கொடுத்தார்கள். பலகையில் துளை போட்டு ஒவ்வொரு துளையிலும் ஒரு தொட்டி உட்காரும்படி அமைத்தார்கள். தரையில் ஈயத் தகடு அடித்து, வழியும் தண்ணீரைப் பிடித்து மறுபடி பயன்படுத்தக் குழாய் வைத்தார்கள்.

1788 அக்டோபரில் தாஹிதி. கன்றுகளைத் தோண்டித் தொட்டிகளில் நட்டார்கள். உடனே கிளம்பிவிடவில்லை. தொட்டியில் வேர் பிடிக்க வேண்டும், திரும்பிப் போகக் காற்றும் சாதகமாக மாற வேண்டும். ஐந்து மாதத்துக்கு மேல் காத்திருந்தார்கள்.

இந்தக் காத்திருப்பின்போது பிளை ஒரு காரியம் செய்தார். தொட்டிகளைச் சோதித்து, பார்ப்பதற்கு நன்றாக இல்லாத கன்றுகளையெல்லாம் பிடுங்கிவிட்டு வேறு கன்று நடச் சொன்னார். அப்படிக் கழித்தவை 302. பிடுங்கிய பிறகு அவற்றின் வேரைப் பார்த்திருக்கிறார்கள். பத்தில் ஒன்பதுக்கும் மேல் அடியில் வளர்ந்துகொண்டிருந்தன! மேலே இலை கருகிக் கிடக்க, கீழே மண்ணுக்குள் வேர் விட்டுக்கொண்டிருந்தன. இதை பிளையே தன் பயணநூலில் எழுதி வைத்திருக்கிறார்.

இந்த இடத்தைப் படித்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். தேர்ந்த தோட்டக்காரர்கள் இருந்த கப்பல் அது. அவர்களே இலையைப் பார்த்து ஏமாந்திருக்கிறார்கள். குப்பைத் தொட்டியை நோக்கி நடந்த நான் எந்த மூலை?

யோசித்துப் பார்த்தால் இதில் ஒரு நியாயமும் இருக்கிறது. வேர் அறுபட்ட செடியால் எல்லா இலைகளுக்கும் தண்ணீர் கொடுக்க முடியாது. சில இலைகள் காய்ந்து விழுந்தால் செலவு குறைகிறது. இருக்கும் சேமிப்பு கீழே புது வேருக்குப் போகிறது. நாம் சாவு என்று நினைப்பது பல நேரம் செடி செய்யும் சிக்கனம்தான்.

பவுண்டியின் முடிவு உங்களுக்குத் தெரியும். 1,015 செடிகளோடு 1789 ஏப்ரல் 4ஆம் தேதி கிளம்பியது. ஏப்ரல் 28இல் கலகம் வெடித்தது. பிளையையும் அவரோடு இருந்தவர்களையும் ஒரு சிறு படகில் இறக்கிவிட்டார்கள், செடிகளைக் கடலில் வீசினார்கள். தாஹிதியில் அத்தனை மாதம் சுகமாகத் தங்கியதுதான் மாலுமிகளின் மனதை மாற்றியது என்று சொல்லும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. அப்படிப் பார்த்தால், வேர் பிடிக்கக் காத்திருந்ததற்கும் அந்தக் கலகத்தில் ஒரு பங்கு இருக்கிறது. படகில் தப்பிய நெல்சன் அதே ஆண்டு ஜூலையில் திமோர் தீவில் காய்ச்சலில் இறந்தார். பிளை 1791இல் 'பிராவிடன்ஸ்' கப்பலில் மறுபடி போய், 1793இல் செடிகளை மேற்கிந்தியத் தீவுகளில் இறக்கினார்.

டாக்டர் வார்டின் கண்ணாடிப் புட்டி

வேர் பிடிக்கும்வரை காத்திருக்க வேண்டும், சரி. அதுவரை இலை வழியாகப் போகும் நீரை எப்படிக் குறைப்பது? இதற்கு விடை ஒரு விபத்தில் கிடைத்தது.

அந்தக் காலத்தில் கப்பலில் செடி கொண்டுவருவது சூதாட்டம் மாதிரி. உப்புக்காற்று, வெயில், குடிதண்ணீர்ப் பஞ்சம். சீனாவிலிருந்து இங்கிலாந்துக்கு அனுப்பும் செடிகளில் ஆயிரத்துக்கு ஒன்றுதான் பிழைக்கிறது என்று ஜான் லிவிங்ஸ்டன் என்ற மருத்துவர் 1819இல் கணக்குச் சொன்னார்.

லண்டனின் கிழக்குப் பகுதியில் நதானியல் பாக்‌ஷா வார்ட் என்று ஒரு டாக்டர். பெரணிச் செடிப் பைத்தியம். ஆனால் ஆலைப் புகையில் அவர் வளர்த்த பெரணிகள் எல்லாம் செத்துக்கொண்டிருந்தன. 1829இல் ஒரு அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவைப் பார்ப்பதற்காக, ஈர மண் போட்ட கண்ணாடிப் புட்டியில் அதைப் புதைத்து மூடி வைத்தார். சில நாளில் மண்ணிலிருந்து ஒரு பெரணியும் ஒரு புல்லும் முளைத்தன. வெளியே எவ்வளவு பாடுபட்டும் வராத பெரணி, மூடிய புட்டிக்குள் தானாக வந்திருக்கிறது! பகலில் ஈரம் ஆவியாகிக் கண்ணாடியில் படிகிறது, மறுபடி சொட்டி மண்ணுக்கே திரும்புகிறது. உள்ளே காற்று ஈரமாக இருப்பதால் இலை நீரை இழப்பதும் குறைகிறது. தண்ணீர் ஊற்றாமலே அந்தச் செடிகள் ஏறக்குறைய நான்கு வருடம் வாழ்ந்தன. கடைசியில் மூடி துருப்பிடித்து மழைநீர் உள்ளே புகுந்ததால்தான் செத்தன.

1833இல் இரண்டு கண்ணாடிப் பெட்டிகளில் செடிகளை வைத்து சிட்னிக்கு அனுப்பினார் வார்ட். பெரும்பாலானவை உயிரோடு போய்ச் சேர்ந்தன. மறு ஆண்டு அதே பெட்டிகளில் ஆஸ்திரேலியச் செடிகள் வந்தன. கேப் ஹார்ன் முனையில் உறைபனி, நிலநடுக்கோட்டில் கொளுத்தும் வெயில். நடுவில் யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. ஆனாலும் பச்சையாக லண்டன் வந்து இறங்கின. 'வார்டியன் பெட்டி' பிறந்த கதை இதுதான். 1842இல் வார்ட் இதைப் பற்றி நூலே எழுதினார். சீனத்துத் தேயிலைக் கன்றுகளை ராபர்ட் ஃபார்ச்சூன் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது இந்தப் பெட்டிகளில்தான்.

ஊட்டி கற்றுக்கொடுத்த பாடம்

"அப்படியானால் கண்ணாடிப் பெட்டி போதும், கவலை தீர்ந்தது" என்று நினைக்கத் தோன்றும். 1860இல் கிளெமன்ட்ஸ் மார்க்கம் அப்படித்தான் நம்பினார்.

அப்போது மலேரியாக் காய்ச்சலுக்கு இருந்த ஒரே நல்ல மருந்து குவினைன். அது சின்கோனா மரப்பட்டையிலிருந்து வரும். மரம் இருந்ததோ தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில். அந்த நாடுகள் கன்றுகளை வெளியே விட விரும்பவில்லை. எப்படியாவது கொண்டுவந்து நீலகிரியில் நட்டுவிட வேண்டும் என்று ஆங்கிலேய அரசு மார்க்கத்தை அனுப்பியது.

பெரு நாட்டுக் காட்டில் கன்றுகளைத் தோண்டி எடுத்து, பாசியிலும் பாயிலும் சுற்றி, கோவேறு கழுதைகளில் ஏற்றி, குளிரும் மலைகளைத் தாண்டித் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தார் மார்க்கம். அங்கே வார்டியன் பெட்டிகளில் நட்டார். பசிபிக் கடல் வழியாக நேரே சென்னைக்கு ஒரு கப்பல் கேட்டார், கிடைக்கவில்லை. பனாமா, இங்கிலாந்து, எகிப்து, செங்கடல், பம்பாய், கோழிக்கோடு என்று சுற்றி 1860 அக்டோபரில் ஊட்டி வந்து சேர்ந்தன. செங்கடல் வெப்பத்தில் பெட்டிக்குள் செடிகள் வெந்துபோயிருந்தன. ஊட்டியில் எவ்வளவோ பார்த்தும் ஒன்றுகூடத் தப்பவில்லை.

ஆனால் அதே நேரத்தில் ஈக்வடாரில் ரிச்சர்ட் ஸ்புரூஸ், ராபர்ட் கிராஸ் என்று இருவர் வேறு விதமாக வேலை செய்தார்கள். சிம்போராசோ மலையடிவாரத்திலேயே தங்கி, குச்சிகளை நட்டு, அவை வேர் பிடிக்கும்வரை பல மாதம் பார்த்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகுதான் பெட்டியில் ஏற்றினார்கள். தெப்பத்தில் ஆற்று வழியாக வரும்போது கரையோர மரங்களில் மோதிப் பெட்டிகள் அடிபட்டன. அப்படியும் செடிகள் தாங்கின. 1861 ஜனவரியில் கிராஸ் கப்பலேறினார். கோடைக்கு முன்பே செங்கடலைத் தாண்டிவிட்டார். ஏப்ரலில் 463 கன்றுகள் நல்ல நிலையில் ஊட்டி வந்து சேர்ந்தன.

ஊட்டி அரசுத் தோட்டத்தின் பொறுப்பாளர் வில்லியம் கிரஹாம் மெக்கைவர் அவற்றிலிருந்து குச்சி எடுத்து, குச்சியிலிருந்து குச்சி எடுத்துப் பெருக்கினார். சில ஆண்டுகளில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் லட்சக்கணக்கில் சின்கோனா நின்றது.

இரண்டு பேரிடமும் வார்டியன் பெட்டி இருந்தது. இரண்டு பேரும் செங்கடல் வழியாகத்தான் வந்தார்கள். ஒருவர் காட்டிலிருந்து பிடுங்கிய கன்றுகளை ஆறாத காயத்தோடு வெப்பத்துக்குள் தள்ள வேண்டியிருந்தது. மற்றவர்கள் வேர் பிடிக்க நேரம் கொடுத்தார்கள், வெயில் குறைந்த மாதத்தில் கொண்டுவந்தார்கள். கண்ணாடி ஈரத்தைக் காக்கும். ஆனால் வெயிலில் வைத்தால் அதே கண்ணாடி அடுப்பாகிவிடும்.

மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை

நான் யூரியா போட்டதையும் சொல்ல வேண்டும். அடிபட்ட வேரைச் சுற்றி உப்பு அதிகமானால் என்ன ஆகும்? சவ்வூடு பரவல் பாடம் நினைவிருக்கிறதா? வேர் நீரை உறிஞ்சுவதற்குப் பதிலாக, வேரில் இருக்கும் நீரே வெளியே போக ஆரம்பிக்கும். பசியோடு இருப்பவனுக்கு விருந்து போடலாம், வயிற்றில் ஆபரேஷன் செய்துகொண்டவனுக்குப் போடலாமா?

தொட்டிக்கு எந்த மண் நல்லது என்பதும் ரொம்ப நாள் தோட்டக்காரர்களின் ரகசியமாகவே இருந்தது. ஒவ்வொரு செடிக்கும் ஒவ்வொரு கலவை என்று மறைத்து வைத்திருந்தார்கள். 1930களில் இங்கிலாந்தின் ஜான் இன்ஸ் தோட்டக்கலை நிறுவனத்தில் நாற்றுகள் அடிக்கடி செத்துப்போக, வில்லியம் லாரன்ஸ், ஜான் நியூவெல் என்ற இருவர் வருடக்கணக்கில் சோதனை செய்தார்கள். சூடுபடுத்திக் கிருமி நீக்கிய தோட்ட மண் 7 பங்கு, பீட் எனும் மக்கிய பாசி 3 பங்கு, பருமணல் 2 பங்கு, கொஞ்சமாக உரம். இந்த ஒரே கலவை அநேகமாக எல்லாத் தொட்டிச் செடிகளுக்கும் போதும் என்று காட்டினார்கள். இதில் கவனிக்க வேண்டியது மணல். வேருக்குத் தண்ணீர் மட்டும் போதாது, காற்றும் வேண்டும். நான் ஊற்றிய ஊற்றலில் வாளிக்குள் காற்றே இல்லை. அந்தப் புளித்த வாடை வேர் அழுகிய வாடை.

என் செடிக்கு என்ன செய்தேன்?

இனி நடைமுறைக்கு வருவோம். உங்கள் வீட்டில் தொட்டி மாற்றிய செடி வாடிக் கிடந்தால் உதவும்.

முதலில் பெரியவர் சொன்னபடி வேரைப் பார்த்தேன். ஒரே ஒரு முறைதான் பார்க்க வேண்டும், தினமும் தோண்டக்கூடாது. கறுத்து, குழகுழவென்று, தோல் உரிந்து வந்த வேர்களைச் சுத்தமான கத்தரியால் வெட்டினேன். நடுவில் நான்கைந்து வேர்கள் வெள்ளையாக, கெட்டியாக இருந்தன. அந்த வெள்ளையைப் பார்த்ததும் எனக்கு அந்த 302 தான் நினைவுக்கு வந்தது... இல்லை, பொய் சொல்லக்கூடாது, அப்போது எனக்கு அந்தக் கதையே தெரியாது. "அட, உசுரு இருக்கு" என்று பெரியவர் சொன்னதுதான் காதில் விழுந்தது.

அந்த யூரியா மண்ணைக் கொட்டிவிட்டேன். பெரிய வாளியையும் விட்டுவிட்டேன். இருக்கும் வேருக்கு ஏற்ற சின்ன மண் தொட்டி, அடியில் துளை, துளைமேல் ஓட்டுச் சில். செம்மண், மணல், நன்றாக மக்கிய தேங்காய் நார்க்கழிவு. உரம் எதுவும் இல்லை. நட்டவுடன் ஒரு முறை நன்றாகத் தண்ணீர். பிறகு மேல்மண்ணை விரலால் தொட்டுப் பார்த்து, ஓர் அங்குல ஆழம் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். வயலில் நட்ட மூன்றாம் நாள் விடுவதற்கு 'உயிர்த்தண்ணீர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள் நம் விவசாயிகள். உயிருக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான், மூழ்கடிக்க அல்ல.

மஞ்சளான இலைகளை நீக்கினேன். பச்சையாக இருந்து தொங்கியவற்றை விட்டுவிட்டேன், அவை இன்னும் உணவு தயாரிக்கும். துணிக்கடையில் கொடுத்த ஒளி ஊடுருவும் பாலித்தீன் பை ஒன்றைக் குச்சி நட்டு மேலே கவிழ்த்தேன். அதுதான் என்னுடைய வார்டியன் பெட்டி. இரண்டு மூன்று துளை போட்டு, தினமும் கொஞ்ச நேரம் திறந்து விட்டேன், இல்லையென்றால் பூஞ்சை பிடிக்கும். வைத்த இடம் நேர் வெயில் படாத ஜன்னல் ஓரம். பீஸ் லில்லி இயல்பாகவே வெப்பமண்டலக் காடுகளில் பெரிய மரங்களின் நிழலில் வளரும் செடி. அதை ஏப்ரல் மாத மொட்டை மாடியில் வைத்த புத்திசாலி நான்.

அதன்பிறகு செய்தது ஒன்றுமில்லை. உண்மையில் அதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமான வேலை. தினமும் காலையில் பார்ப்பேன். மாற்றம் இருக்காது. ஒன்பது இலைகளில் ஆறு போய்விட்டன. இரண்டு தடவை உரக்கடை வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன். ஏதாவது செய்தால் மனசு ஆறும் போல இருக்கும். ஆனால் என் மனசு ஆறுவதற்கும் செடி பிழைப்பதற்கும் சம்பந்தமில்லை என்று அப்போது புரிந்தது.

ஐந்தாவது வாரம், நடுவிலிருந்து சுருட்டிய காகிதம் போல ஒரு பச்சைக் குருத்து எட்டிப் பார்த்தது. பையை ஒரேயடியாக எடுக்காமல் ஒரு வாரம் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து பழக்கினேன். குருத்து இலையாக விரிந்து, அடுத்த குருத்து வந்த பிறகுதான் மெலிதாகக் கரைத்த உரம் கொடுத்தேன். பெரியவரிடம் காட்டினேன். "பச்ச புடிச்சிருச்சு தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தண்ணீர்க் குழாயைத் திருகப் போய்விட்டார்.

லண்டனின் கியூ தோட்டத்தில் ஒரு சைக்கட் வகை மரம் தொட்டியில் இருக்கிறது. பிரான்சிஸ் மாசன் என்பவர் தென் ஆப்பிரிக்காவிலிருந்து 1775இல் கொண்டு வந்தது. உலகிலேயே மிகப் பழைய தொட்டிச் செடி என்று அதைச் சொல்கிறார்கள். எடை ஒரு டன்னுக்கும் மேல். 2009இல்கூட அதற்குத் தொட்டி மாற்றினார்கள். ஆட்கள் பலர் சேர்ந்து, மண்ணோடு தூக்கி, ஆடாமல் அசையாமல் புதுப் பெட்டியில் வைத்தார்கள். இத்தனை வருடம் அது உயிரோடு இருப்பதற்கு, ஒவ்வொரு முறையும் யாரோ அவசரப்படாமல் இருந்ததுதான் காரணமாக இருக்க வேண்டும்.

அறைத்தோழன் அடுத்த மாதம் வருகிறான். செடியில் இப்போது ஐந்து இலைகள் இருக்கின்றன. முன்பு ஒன்பது இருந்தது அவனுக்கு நன்றாகவே நினைவிருக்கும். நடந்ததை ஒளிக்காமல் சொல்லிவிடத்தான் போகிறேன். திட்டினால் வாங்கிக்கொள்வேன்.

உங்கள் வீட்டிலும் ஏதாவது ஒரு தொட்டி தலை தொங்கிக் கிடந்தால், தூக்கிப் போடுவதற்கு முன் ஒரு முறை வேரைப் பாருங்கள். வெள்ளையாக ஒன்றிரண்டு இருந்தாலும் போதும். நிழலில் வையுங்கள், மூடி வையுங்கள், பொறுத்திருங்கள்.